சிறுமியின் கருக்கலைப்புக்கு யார் கையெழுத்திட வேண்டும்?

"பள்ளி மாணவி கர்ப்பம், இளைஞர் போக்சோவில் கைது" என்று நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் நான்கு வரிச் செய்தி, கைது செய்த காவல் நிலையத்தின் பெயரைச் சொல்லும், இளைஞரின் வயதைச் சொல்லும். அந்தக் கர்ப்பம் என்ன ஆனது, அதைப் பற்றி யார் முடிவெடுத்தார், அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பதைச் சொல்லாது. அதனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மண்டபம், பாம்பன் வழியாகக் கீழக்கரை, மூக்கையூர் வரை வடகடலையும் தென்கடலையும் ஒட்டி வாழும் குடும்பங்களில் இப்படியொரு நிலை வரும்போது, சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட அக்கம்பக்கத்தில் சொல்லப்படுவதே சட்டமாகிவிடுகிறது. தகப்பன் வராமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்பது அவற்றுள் ஒன்று. முதலில் போலீஸில் எழுதிக் கொடுத்தால்தான் டாக்டர் தொடுவார் என்பது மற்றொன்று. அவனுக்கே கட்டி வைத்துவிட்டால் வழக்கே இல்லை என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. மூன்றும் நாட்களைத் தின்கின்றன. கருக்கலைப்புச் சட்டத்தில் நாட்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

அடிப்படை: இது ஒரு விதிவிலக்குச் சட்டம்

இந்தியாவில் கருக்கலைப்பு என்பது தண்டனைச் சட்டத்தின்படி இன்றும் குற்றம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவாக இருக்கிறது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் அடுத்த பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். 1971-இல் இயற்றப்பட்ட மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கலைக்கும் பதிவுபெற்ற மருத்துவரை இந்தக் குற்றத்திலிருந்து விலக்கி வைக்கிறது. பெண்ணின் உரிமையை அறிவிக்கும் சட்டமாக அது எழுதப்படவில்லை. மருத்துவருக்குக் காப்பு தரும் சட்டமாகவே எழுதப்பட்டது. மருத்துவர்கள் சட்டம் கேட்காத காகிதங்களையும் கேட்டு வாங்கிக்கொள்வது ஏன் என்பது இதிலிருந்தே புரியும்: நிபந்தனையில் ஒன்று தவறினாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தாம்தான் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு.

2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு கால வரம்பு இப்படி அமைந்திருக்கிறது. வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது.

1. 20 வாரம் வரை: ஒரு மருத்துவரின் கருத்து போதும். இதற்குள் 9 வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம்.
2. 20 முதல் 24 வாரம் வரை: இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். இந்தக் காலத்தில் எல்லோருக்கும் அனுமதி இல்லை; விதிகளில் பட்டியலிடப்பட்டவர்களுக்கு மட்டுமே உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானோர், கர்ப்ப காலத்தில் விதவையானோர், மணமுறிவு பெற்றோர் முதலியோருடன் 18 வயது நிரம்பாதவர்கள் தனியாகவே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதாவது, வன்முறை நடந்ததா என்று ஆராயாமலேயே சிறுமி என்ற ஒரே காரணத்தால் 24 வாரம் வரை கதவு திறந்திருக்கிறது.
3. 24 வாரத்துக்கு மேல்: கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தால் மட்டுமே இந்தச் சட்டப்படி கலைக்கலாம். கர்ப்பிணியின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவைப்பட்டால் வாரக் கணக்கு பார்க்கப்படுவதில்லை. மற்றவர்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு அது மதுரைக் கிளை.

அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த தனியார் மருத்துவமனையிலோ மட்டுமே இது நடக்கலாம். மெடிக்கல் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் மாத்திரை இந்தச் சட்டத்தின் காப்புக்குள் வராது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. கருக்குழாய் வெடித்து உள்ளே இரத்தம் போகும் வரை வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் மாத்திரை தரக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

"பாதுகாவலர்" என்ற சொல்லுக்குள் யார் யார்?

18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தோ மாமியாரின் கையெழுத்தோ சட்டத்தில் இல்லை. 18 வயது நிரம்பாத பெண்ணுக்கும் மனநலம் குன்றிய பெண்ணுக்கும் மட்டும் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது: பாதுகாவலரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பாதுகாவலர் என்றதும் தகப்பனார் என்று நாம் படிக்கிறோம். சொத்து, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் ஆகிய காரியங்களில் அப்படிப் பழகியிருக்கிறோம். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் தகப்பனை முதலிலும் தாயை அடுத்தும் வைத்தது. ஆனால் கருக்கலைப்புச் சட்டம் அந்த வரையறையை எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கென ஒரு வரையறையை 2-ஆம் பிரிவில் எழுதிக்கொண்டது: மைனரின் உடல்நலனைப் பார்த்துப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவரே பாதுகாவலர். அப்பா, அம்மா என்ற சொற்களே அதில் இல்லை. இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும் என்றும் இல்லை.

இந்தக் கடற்கரைக்கு அந்த வரையறை மிகவும் முக்கியம். கேரள, கர்நாடகத் துறைமுகங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளில் போய் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர் எப்போது வீடு வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்தில் தகப்பன் வளைகுடா நாட்டில் இருக்க, பிள்ளை பாட்டி வீட்டில் வளர்வது வழக்கமான குடும்ப அமைப்பு. அப்படி வளரும் பெண்ணுக்குச் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் அப்பத்தாவே இந்தச் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலர். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தால் மாமனோ அத்தையோ பாதுகாவலர். மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ச் சிறுமிக்கும் இதே வரையறைதான். சட்டம் குடியுரிமையைக் கேட்கவில்லை.

கையெழுத்திடும் தாளையே பார்த்தால் ஐயம் தீரும். படிவம் சி என்று பெயர். ஒரே பக்கம். மேல்பாதி, வயது வந்த பெண் தன் கர்ப்பத்தைக் கலைக்கத் தானே சம்மதம் கொடுப்பதற்கு. கீழ்ப்பாதி, மைனருக்கோ மனநலம் குன்றியவருக்கோ பாதுகாவலர் நிரப்புவதற்கு. கையெழுத்திடுபவரின் பெயர், இன்னாருடைய மகன் அல்லது மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, தம் பொறுப்பில் உள்ள மைனரின் பெயர், கலைக்கும் இடம், தேதி, கையெழுத்து. அவ்வளவே. பெற்றோர் எங்கே என்று கேட்கும் கோடு அதில் இல்லை. குடும்ப அட்டை நகல் ஒட்டச் சொல்லும் கட்டம் இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும், குடும்பத்தாரின் சம்மதம், ஆவணச் சான்று, நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிப்பதைக் கண்டித்தது.

பாதுகாவலரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கும் கொடுமையும் உண்டு. அப்போது அவர் கையெழுத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. வீட்டில் உள்ள வேறொருவர் பொறுப்பேற்கலாம்; யாருமே இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் நலக்குழு தலையிடுகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, குழந்தையை உண்மையில் யார் பொறுப்பில் வைத்திருக்கிறார் என்று பார்த்து அவரைப் பாதுகாவலராக அங்கீகரிக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இருக்கிறது.

அவளைக் கேட்க வேண்டாமா?

சட்டத்தின் எழுத்தை மட்டும் படித்தால் பதில் சங்கடமாகவே இருக்கும். கர்ப்பிணியின் சம்மதமின்றிக் கலைக்கக் கூடாது என்ற விதி, மைனருக்கான விதியை ஒதுக்கிவிட்டே பேசுகிறது. ஆகவே பாதுகாவலர் கையெழுத்திட்டால் போதும், பெண்ணின் விருப்பம் தேவையில்லை என்று படிக்க இடமிருக்கிறது. அப்படிப் படிப்பது தவறு என்பதே என் கருத்து. நீதிமன்றங்களும் அப்படிப் படிக்க மறுத்திருக்கின்றன.

1990-களின் தொடக்கத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தது. 16 வயது மகளின் கருவைக் கலைக்க வேண்டுமென்று தகப்பனார் மனுச் செய்தார்; மகளோ குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்பினாள். நீதிமன்றம் அவள் விருப்பத்துக்கு மாறாகக் கலைக்க உத்தரவிட மறுத்தது. 2009-இல் சண்டிகரில் அரசு இல்லமொன்றில் இருந்த, மனவளர்ச்சி குறைந்த வயதுவந்த பெண்ணின் வழக்கில், இனப்பெருக்கம் பற்றிய முடிவு தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவள் சம்மதமின்றிக் கலைப்பதைத் தடுத்தது.

மூன்றாவது வழக்கு மிக அண்மையது. 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த, பாலியல் வன்முறைக்கு ஆளான 14 வயதுச் சிறுமியின் கர்ப்பம் 30 வாரத்தை நெருங்கியபோது வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஏப்ரல் 22 அன்று கலைக்க அனுமதி கிடைத்தது. அதன்பின் பெற்றோர் மகளின் உடல்நிலைக்கு அஞ்சி மனம் மாறினர். ஏப்ரல் 29 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்த வழக்கின் தீர்ப்பில் நீதிமன்றம் ஒரு நெறியை எழுதி வைத்தது: சிறுமியின் கருத்தும் பாதுகாவலரின் கருத்தும் வேறுபட்டால், சிறுமியின் கருத்தை முக்கியமானதாகக் கொண்டே நீதிமன்றம் முடிவுக்கு வர வேண்டும். பாதுகாவலரின் கையெழுத்து அவளுக்குத் துணையாகக் கேட்கப்படுகிறது. அவள் உடம்பின் மீது பத்திரம் எழுதி வாங்குவதற்காகக் கேட்கப்படவில்லை.

போக்சோ எங்கே குறுக்கே வருகிறது?

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அந்த வயதுக்குள் நடக்கும் உடலுறவு, விருப்பத்தோடு நடந்திருந்தாலும் குற்றம். இன்னொரு கடமையையும் அது எல்லோர் மீதும் சுமத்துகிறது: 19-ஆம் பிரிவின்படி, இப்படியொரு குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 17 வயதுப் பெண் கர்ப்பமாக வந்து நின்றாலே மருத்துவருக்கு அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது.

1971-ஆம் ஆண்டுச் சட்டமோ இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. பெண்ணின் பெயரையும் விவரத்தையும் அதிகாரமற்றவருக்கு வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 திருத்தம் சேர்த்திருக்கிறது. ஒரு சட்டம் சொல் என்கிறது, மற்றொன்று சொல்லாதே என்கிறது. இடையில் நிற்பது மருத்துவரும் அந்தப் பெண்ணும். காதலித்த பையன் சிறைக்குப் போவான், ஊரில் பெயர் கெடும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் போகிறவர்கள் இந்த மோதலால்தான் போகிறார்கள்.

மேலே சொன்ன 2022 தீர்ப்பு இந்த மோதலுக்கு ஒரு வழி கண்டது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு சொன்னதன் சாரம் இது:

1. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரும் கடமை அப்படியே இருக்கிறது.
2. ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் சிறுமியின் பெயரையோ அடையாளம் காட்டும் விவரங்களையோ மருத்துவர் தர வேண்டியதில்லை.
3. பின்னால் குற்ற வழக்கு நடந்தாலும் அந்த விவரங்களை வெளியிட மருத்துவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் இதையே தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கும் காவல்துறைக்கும் நினைவூட்டியது. ஆகவே, முதல் தகவல் அறிக்கை எண் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று ஒரு மருத்துவமனை சொன்னால் அதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. தகவல் சொல்வது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. குடும்பம் காவல் நிலையம் போய் வந்த பிறகுதான் சிகிச்சை என்பது இரு சட்டங்களிலும் இல்லை.

பெயரை மறைக்கும் வழி எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் சொல்ல வேண்டும். வன்முறை நடந்த இடத்தில் குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டுமென்று பெண்ணும் குடும்பமும் விரும்பினால் அடையாளத்துடன் புகார் கொடுப்பதே வழி. கலைக்கப்பட்ட கருவின் திசு மரபணுச் சோதனைக்குரிய சான்று. அதைப் பாதுகாத்து ஒப்படைக்க வேண்டுமென்பதை மருத்துவரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். பெண் போலீஸ் சீருடையின்றி வந்து வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும், இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது என்பவை 24-ஆம் பிரிவில் இருக்கின்றன.

"கட்டி வைத்துவிடலாம்" என்ற பேச்சுக்கு 2017 அக்டோபர் 11-ஆம் தேதித் தீர்ப்பு பதிலாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட மனைவியுடன் கொள்ளும் உறவும் பாலியல் வன்முறையே என்று உச்ச நீதிமன்றம் அன்று சொல்லிவிட்டது. தாலி வழக்கை அழிக்காது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்கீழ் இன்னொரு வழக்கைக் கூட்டும், இம்முறை கட்டி வைத்தவர்கள் மீதும்.

தாமதம் என்ன செய்கிறது

ஒரு நிலையைக் கற்பித்துப் பார்ப்போம். பாம்பன் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 16 வயதுப் பெண். தகப்பன் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார். தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறார். பெண் அப்பத்தாவுடன் இருக்கிறாள். நாள் தள்ளிப்போனது அவளுக்குத் தெரியும். அந்த வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பாகையால் அவள் முதலில் பொருட்படுத்தவில்லை. அப்பத்தாவுக்குச் சந்தேகம் வரும்போது 8 வாரம். அன்றே மருத்துவமனைக்குப் போனால் மாத்திரையோடு முடியக்கூடிய காரியம்.

"அவுக அப்பா வரட்டும்" என்று காத்திருந்தால் மாத்திரைக் காலம் கடக்கிறது. தகப்பன் கரைக்கு வந்து, பேச்சு வார்த்தை நடந்து, பையன் வீட்டார் இரண்டு தவணை கேட்டு, கடைசியில் ஒன்றும் நடக்காமல் பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படும்போது 12 வாரம் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு கலைப்பதற்கு அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவரும் இரத்தம் ஏற்றும் வசதியும் வேண்டும். சிறிய மருத்துவமனைகள் கைவிரித்துவிடும். தீவிலிருந்து இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் பயணம். 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்கள். 24-உம் தாண்டிவிட்டால் வழக்கறிஞர், மதுரைக் கிளை, மருத்துவக் குழு, அறிக்கை, விசாரணை. ஒவ்வொரு வாய்தாவிலும் கர்ப்பம் வளர்ந்துகொண்டே இருக்கும். எட்டாவது வாரத்தில் அப்பத்தாவின் கைநாட்டு போதுமாக இருந்த காரியம் இது.

பிற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக

பெற்றோர் சம்மதச் சட்டம் என்று இணையத்தில் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் செய்தி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 1979-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில், பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்கும் மாநிலம், பெற்றோரிடம் போக முடியாத பெண் நேரே நீதிபதியிடம் இரகசியமாக அனுமதி கேட்கும் வழியையும் வைக்க வேண்டுமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-இல் கருக்கலைப்பு உரிமையே அரசியல் சாசன உரிமை என்ற நிலையை இழந்தது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின்படி, 16 வயது ஆகாத பெண்ணும் சிகிச்சையின் தன்மையை நன்கு புரிந்துகொள்ளக் கூடியவள் என்று மருத்துவர் கருதினால் அவளே சம்மதம் தரலாம். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் உள்ள இலங்கையிலோ 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே அனுமதி. அங்கே யாருடைய சம்மதமும் பயன்படாது.

இருவரும் ஒத்துப்போகாவிட்டால்

இந்தியச் சட்டத்தின் பெரிய இடைவெளி இங்கேதான் இருக்கிறது. பெண் கலைக்க விரும்பி, பாதுகாவலர் கையெழுத்திட மறுத்தால் என்ன செய்வது என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அமெரிக்க மாநிலங்களில் உள்ளது போல அருகில் உள்ள நீதிபதியிடம் போகும் வழி இங்கே எழுதப்படவில்லை. 2021-இல் திருத்தியபோதே இதைச் சேர்த்திருக்க வேண்டும். மாவட்ட அளவில், சில நாட்களுக்குள் முடிவு சொல்லும் ஓர் அமைப்பு இல்லாதவரை, கையெழுத்து மறுக்கப்படும் பெண் 110 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள உயர் நீதிமன்றக் கிளையை நாட வேண்டியிருக்கிறது. அதற்கும் வயது வந்த ஒருவர் அவள் சார்பில் மனுச் செய்ய வேண்டும்.

இன்றுள்ள நிலையில் அவளுக்குத் திறந்திருக்கும் வழிகள் இவை:

1. வீட்டில் அவளைப் பராமரிப்பதில் உண்மையில் பங்குள்ள இன்னொரு பெரியவர் இருந்தால், அவரும் வரையறைக்குள் வருகிறாரா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தகப்பன் மறுத்தாலும் தாயின் கையெழுத்து செல்லும்.
2. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் அவளே பேசலாம். அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நலக்குழுவுக்கும் தகவல் போகும். நலக்குழு அவளை நேரில் கேட்டு உத்தரவிட முடியும்.
3. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு.
4. உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவர் வாரக் கணக்குக்காகவோ இரண்டாவது மருத்துவரின் கருத்துக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் எதையோ விழுங்கி இரத்தப்போக்குடன் வந்த பெண்ணை, பெற்றோர் வரட்டும் என்று வாசலில் உட்கார வைக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

எந்த வழியில் போனாலும், பெண்ணிடம் முதலில் தனியாகப் பேசி, அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே நோயாளிக் குறிப்பேட்டில் மருத்துவர் எழுதி வைப்பது நல்லது. படிவம் சி-யின் கீழ்ப்பாதியில் அவள் பேசுவதற்கென்று ஒரு வரிகூட இல்லை. பின்னால் நலக்குழுவோ நீதிமன்றமோ அவள் என்ன விரும்பினாள் என்று கேட்கும்போது, அந்தக் குறிப்பேட்டில் உள்ள இரண்டு வரிகளே அவளுக்காகப் பேசும்.